ஆகஸ்ட் லீவில் பன்னிரண்டு புத்தகம்

ஆகஸ்ட் லீவு விட்ட முதல் கிழமையே பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பா: "என்ன ரீச்சர், இந்த முறையும் சின்னப் புள்ளைகள்ட புத்தகந்தானா?" ஓம், அதேதான். நாற்பத்தேழு வயதில், மட்டக்களப்புக் கல்லடியில் முற்றத்து வேப்பமரத்தின் கீழ்க் கதிரையைப் போட்டுக்கொண்டு, தொலைந்துபோன சாவியையும் பேசுகிற நாயையும் பற்றி ஒருத்தி வாசித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். மாமிக்குச் சிரித்துச் சமாளித்துவிடலாம். கூடப் படிப்பிக்கிற நாலு பேர் "எப்படிச் செய்யிறீங்க?" என்று கேட்டுவிட்டார்கள், அதனால், வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க லீவில் பன்னிரண்டு புத்தகத்தை நானே வாசித்துத் தெரிவுசெய்வதை விவரமாக எழுதுகிறேன்.

நான் படிப்பிப்பது வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில். தரம் 6, 7, 8க்குத் தமிழ். காலையில் ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போவேன். 2014இல் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவையில்தான் கடந்தோம். பாதை வரும்வரை கரையில் நின்று வாசித்து முடித்த புத்தகங்கள் கொஞ்சமல்ல. பாலம் வந்ததில் எனக்கிருக்கும் ஒரே குறை அதுதான்.

தரம் ஐந்துவரை எங்கள் பிள்ளைகளுக்கு வாசிப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள். அது முடிந்து ஆறாம் தரத்துக்கு வந்ததும் பிள்ளை ஒரு பள்ளத்தில் விழுகிறது. பாடசாலை அலுமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டில் முயலும் ஆமையும் படத்தோடு இருக்கும். "இது நேர்சரிப் புள்ளைகள் வாசிக்கிறது ரீச்சர்" என்று பதினொரு வயதுக்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். மேல்தட்டில் ஐந்து பாகச் சரித்திர நாவல். நடுத்தட்டில் பழைய வினாத்தாள் கட்டு. ஆங்கிலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கென்று தனித் தட்டும் அதற்கொரு பெயரும் இருக்கின்றன. அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு நியூபெரி பதக்கம் 1922இலிருந்து கொடுக்கிறார்கள். தமிழில் அந்த வயதுக்குப் புத்தகம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. யாராவது முழுவதையும் வாசித்துத்தான் பிரித்தெடுக்க வேண்டும். அந்த யாராவது, வேறு வழியில்லாமல், வகுப்பில் நிற்கிற ஆள்தான்.

ஏழு வருடத்துக்கு முன் நானும் வாசிக்காமல்தான் பரிந்துரைத்தேன். பத்திரிகையில் வந்த பத்துப் புத்தகப் பெயரைக் கரும்பலகையில் எழுதி, "வாசித்துச் சுருக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். ஒரே புத்தகத்துக்கு ஆறு சுருக்கம் வந்தது. ஆறிலும் "இரண்டு சகோதரர்களின் சாகசப் பயணம்" என்று ஒரே வசனம். ஆறுக்கும் பத்துக்கு எட்டுப் புள்ளி போட்டேன். பிறகு பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "ரீச்சர், அது அண்ணன் தம்பி இல்ல. அக்காவும் தம்பியும்." அவன் சுருக்கம் எழுதவில்லை, புத்தகத்தை வாசித்திருந்தான். மற்ற ஆறு பேரும் பின்னட்டையை வாசித்திருந்தார்கள். பின்னட்டை எழுதினவரும் புத்தகத்தை வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன்.

முதலில் பிள்ளைகளின் பட்டியல்

எல்லோரும் புத்தகப் பட்டியலில் தொடங்குவார்கள். அது பிழை என்பது என் கருத்து. தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். புள்ளி எழுத வேண்டாம், அது தேர்ச்சி அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை எதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தாது, எதைக் கண்டால் பார்த்துக்கொண்டே நிற்கும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

என் கொப்பியில் இருக்கிற சில வரிகள்: "தகப்பனோடு இரவு தோணியில் இறால் பிடிக்கப் போகிறான். முதலாம் பாடத்தில் நித்திரை. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் முழிப்பு வரும்." "தாய் குவைத்தில். ரொட்டி சுற்றி வருகிற பேப்பர்த் துண்டை விரித்து வாசித்துவிட்டுத்தான் ரொட்டியைச் சாப்பிடுகிறாள்." "வீட்டில் பதினாலு மாடு. பதினாலுக்கும் பெயர் சொல்வான்." "எந்தக் கதை சொன்னாலும் 'இது உண்மையா ரீச்சர்?' என்று கேட்கிறாள். உண்மைக் கதை தேட வேண்டும்."

போன வருடம் முப்பத்தொரு பேர். ஒன்பது பேருடைய பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த ஒன்பது பேரும் குழப்படி செய்யாதவர்கள், கெட்டிக்காரரும் இல்லை, நடுவில் இருக்கிறவர்கள். ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிட்டும் அவர்களைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியவில்லை. மீதிப் பத்து நாளும் இடைவேளையில் போய் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் பயந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி தானாகவே தன் அம்மம்மா கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் சாமி ஆடியதை நடித்துக் காட்டினாள். எழுதிக்கொண்டேன்.

புத்தகம் சேர்ப்பது

பாடசாலை அலுமாரித் திறப்பை லீவுக்கு முன்பே அதிபரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். லீவுக்குள் போனால் காவலாளி "அதிபருக்கு எடுத்துக் கதையுங்க" என்பார்.

பொது நூலகத்துக்குப் போனால் சிறுவர் பகுதித் தட்டுக்கு நேரே போக வேண்டாம். தட்டில் அழகாக நிற்பவை பெரும்பாலும் யாரும் எடுக்காதவை. அன்று திரும்பி வந்த புத்தகங்களை ஒரு மேசையில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிற திகதித் தாளைப் பாருங்கள். முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் அது கையிலிருந்து கைக்குப் போகிற புத்தகம். 2011இல் ஒன்று, 2016இல் ஒன்று என்று இருந்தால் அதை ஆசிரியர் யாரோ கொண்டுபோய் வாசிக்காமல் திருப்பியிருக்கிறார். விமர்சனக் கட்டுரையைவிட இந்தத் தாளில் எனக்கு நம்பிக்கை அதிகம். பெரியவர்களுக்கான தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும். அங்கேயும் ஒரு சுற்று வரலாம். மெல்லிய சிறுவர் நாவல்கள் பிழையாக அங்கே செருகப்பட்டுக் கிடப்பதுண்டு.

எங்கள் நாட்டுப் பழைய சிறுவர் நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறார்கள். போனில் நான் வாசிப்பதற்கு அது போதும், பிள்ளைக்குக் கொடுப்பதற்குப் போதாது. போனைக் கொடுத்தால் என்ன வாசிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அதில் பிடித்ததைக் குறித்துக்கொண்டு அச்சுப் பிரதி எங்கே இருக்கிறதென்று தேடுவேன். மட்டக்களப்பிலிருந்தே சிறுவருக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஓ. கே. குணநாதன் பெயரைச் சொன்னால் பொது நூலகத்தில் எடுத்துத் தருவார்கள்.

பழைய வீடுகளின் டிரங்குப் பெட்டியையும் விட்டுவிட வேண்டாம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு காலத்தில் இங்கே நிறைய வந்தன. என் அப்பாவிடம் இருந்தவற்றில் பாதியை 1978 சூறாவளி கொண்டுபோனது, மீதியில் பாதியைக் கறையான் தின்றது. தப்பியவை இன்னும் தாள் கழலாமல் இருக்கின்றன.

மீதியை இந்தியப் புத்தகம் விற்கிற கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வருடத்துக்கு நாலுக்கு மேல் என்னால் வாங்க முடிவதில்லை. அதனால் அட்டையைப் பார்த்து வாங்குவதில்லை. கடையில் நின்றபடியே முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டுத்தான் வாங்குவேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டால் இப்போது பழகிவிட்டது, ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுவார்.

ஏன் பன்னிரண்டு? ஒரு நாளைக்கு ஐம்பது பக்கம் என்னால் முடியும், ஒரு சிறுவர் நாவல் நூறு நூற்றிருபது பக்கம் வரும். இரண்டரை நாளுக்கு ஒன்று. லீவில் திருவிழா இருக்கிறது, உறவுக்காரர் வருவார்கள், செத்தவீடு கலியாணவீடு இருக்கும். இருபது என்று தொடங்கினால் ஐந்தோடு நிற்கும். பன்னிரண்டு முடியக்கூடிய காரியம்.

வாசிக்கும்போது செய்வது

நேரம் விடியப்புறம் ஐந்தரையிலிருந்து எட்டுவரை. பத்து மணிக்குப் பிறகு கச்சான் காற்று அடித்தால் முற்றத்தில் இருக்க முடியாது, புழுதியும் வெக்கையும். உள்ளே இருந்தால் கண் சொருகும்.

புத்தகத்தில் எதுவும் எழுதுவதில்லை. நாட்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், புத்தகத்துக்குள் வைக்க அளவும் சரி. புத்தகத்துக்கு ஒரு தாள். அதில் நாலு விசயம்.

முதலாவது, "மறந்த பக்கம்". பாடசாலைக்காக வாசிக்கிறேன் என்பதை நான் மறந்துபோன பக்க எண். சில புத்தகத்தில் அது 5, சிலதில் 11. 40 என்றால் யோசிக்க வேண்டும். முதல் நாற்பது பக்கத்தை நான் வகுப்பில் வாசித்துக்காட்டித் தூக்கிக்கொண்டு போய் விட்டால்தான் பிள்ளை மிச்சத்தை நடந்து கடக்கும். நல்ல புத்தகங்கள் பல இந்தக் காரணத்தாலேயே அலுமாரியில் செத்துப் போகின்றன.

இரண்டாவது, இடறுகிற சொல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். என் முதல் நியமனம் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், ஒரு முஸ்லிம் பாடசாலையில். தமிழ்நாட்டுக் கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். "காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது" என்றதும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ஒருவன் கையை உயர்த்தினான்: "எங்கட காக்கா வடை களவெடுக்க மாட்டார் ரீச்சர்." அவர்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். சில வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அப்போது "பொக்கை வாய்த் தாத்தா" எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அதே புத்தகத்தில் "ஒன்பது மணிக்குப் பள்ளியில் மணி அடித்தது" என்று ஒரு வரி. பள்ளியில் ஏன் மணி அடிக்கிறார்கள், பாங்கல்லவா சொல்வார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி, அவர்களுக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல்.

படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இடறல் வேறு. தமிழ்நாட்டுப் பேச்சு அவர்களுக்குத் தடையே இல்லை. படமும் நாடகமும் பார்த்துப் பார்த்து அதை என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். இடறுவது பாடசாலைச் சொற்களில். "நோட்டு" என்றால் எங்களுக்குக் காசு. "காலாண்டுத் தேர்வு", "தலைமையாசிரியர்", "ஏழாம் வகுப்பு பி பிரிவு" எல்லாம் படத்தில் அடிக்கடி வராது. தன் வயதுப் பிள்ளை தன்னைப் போலவே பள்ளிக்கூடம் போகிற இடத்தில்தான் கதை அந்நியமாகிறது. அதனால் அந்தத் தாளில் ஐந்தாறு சொல்லை எழுதிப் பக்கத்தில் எங்கள் சொல்லையும் எழுதி வைப்பேன்: நோட்டு, கொப்பி. தேர்வு, தவணைப் பரீட்சை. தாள் புத்தகத்தோடேயே பிள்ளையிடம் போகும். இது போதும், அரும்பதவுரை தயாரிக்க வெளிக்கிட வேண்டாம், அது பாடமாகிவிடும்.

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பக்கத்தையாவது சத்தமாக வாசிப்பேன். கண்ணுக்குத் தெரியாத பழுது நாக்குக்குத் தெரியும். மூச்சு முட்டுகிற வசனம், யார் பேசுவதென்று விளங்காத உரையாடல். நான் இரண்டு முறை தடக்கினால் பிள்ளை நாலு முறை தடக்கும், ஐந்தாம் முறை மூடிவிடும்.

மூன்றாவது, முள் இருக்கிற பக்கம். கதையில் சாவு, குடித்துவிட்டு அடிக்கிற அப்பா, கடல், சண்டை. இவை இருக்கிற புத்தகத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பிள்ளைகளின் வீட்டில் இல்லாத எதுவும் அந்தப் புத்தகங்களில் இல்லை. ஆனால் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வகுப்பில் இருக்கிற யாரும் 2004 டிசம்பர் 26இல் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் கடல் ஊருக்குள் வருகிற ஒரு கதையைக் கொடுத்தபோது ஒருத்தி மூன்று நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. நாவலடியில் போன பெரியம்மாவின் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இப்போது அப்படியான புத்தகம் கொடுத்தால், "72ஆம் பக்கத்தில் கடல் வருது மனே. அதை அம்மாவோட இருந்து வாசி, இல்லாட்டித் தாண்டிப் போ, பிறகு என்ன நடந்ததெண்டு நான் சொல்லுறன்" என்று முன்பே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தாண்டாமல்தான் வாசித்துவிட்டு வருகிறார்கள்.

'டோட்டோ-சான்' பலருக்கும் தெரிந்திருக்கும். 1981இல் ஜப்பானில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம், முதல் நாளே ஒரு சிறுமி நாலு மணி நேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அதிபர். ஆசிரியர்கள் அந்த நாலு மணி நேரத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு ரயில் பெட்டி. ஆனால் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடம் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது, அதை நான் தாளில் முள் என்று குறித்திருந்தேன். அதை வாசித்த ஒருவன் வீட்டில் போய்க் கேட்டிருக்கிறான். தன் அப்பா படித்த பள்ளிக்கூடத்துக்கு என்ன நடந்ததென்று அவர் முதல் தடவையாகச் சொன்னாராம். மறுநாள் அவன் அதை எனக்குச் சொன்னபோது மணி அடித்தும் நான் வகுப்பை விட்டு எழும்பவில்லை.

முள் எப்போதும் சோகமாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. யானையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர் புத்தகத்தில் யானை நல்லது. பிள்ளைகளை முதுகில் ஏற்றும், தும்பிக்கையால் தண்ணீர் அடிக்கும், நாலாம் பக்கத்தில் நண்பனாகிவிடும். வெள்ளாவெளிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு யானை என்றால் விளைந்த வயலை மிதித்து, நெல் மூட்டைக்காக வீட்டுச் சுவரை இடிக்கிற ஒன்று. அப்பா இரவு முழுக்க யானைவெடியோடு காவல் இருக்கக் காரணமான ஒன்று. அப்படி ஒரு புத்தகத்தைத் தெரியாமல் கொடுத்தேன். "எழுதின ஆள் யானையக் கண்டதே இல்ல ரீச்சர்" என்று திருப்பித் தந்தான். சரி, நீ கண்ட யானையை எழுது என்றேன். ஆறு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழை ஏராளம், ஒன்றையும் சிவப்புப் பேனையால் தொடவில்லை. இப்போது அந்த ஆறு பக்கமும் தைத்து மட்டை போட்டு அலுமாரியில் இருக்கிறது. போன வருடம் அதிகம் பேர் எடுத்தது அதைத்தான்.

நாலாவது, யாருடைய முகம். வாசித்துக்கொண்டு போகும்போதே கொப்பியில் இருக்கிற யாராவது ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். அந்தப் பெயரைத் தாளில் எழுதுவேன். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ' தமிழிலும் கிடைக்கிறது. தெற்கில் ஒரு களப்பு, ஆளில்லாத தீவு, வீட்டை விட்டுப் போகிற இரண்டு பையன்கள். மூன்றாம் பக்கத்திலேயே இறால் பிடிக்கிறவன் வந்துவிட்டான். வாவிக்குள் இருக்கிற திட்டையெல்லாம் பெயர் சொல்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன கொடுப்பது?

நூலகவியலுக்கு ஐந்து விதி சொன்ன எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931இல் எழுதிய அந்த ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அவர் பிறந்ததும் எங்கள் காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்ததும் ஒரே 1892. இதற்கும் நான் சொல்ல வந்ததற்கும் தொடர்பில்லை, ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

யாருடைய முகமும் வராத புத்தகமும் உண்டு. அதை வலிந்து யாருடைய தலையிலும் கட்ட வேண்டாம்.

முப்பது பக்கத்துக்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடுவேன். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சலித்தது நாற்பத்தேழு வயதுக்காரிக்கு. அதனால் விட்ட புத்தகத்தைத் தங்கச்சியின் மகளிடம் கொடுப்பேன். பன்னிரண்டு வயது, பாலைப்பழம் தின்றுகொண்டே கட்டிலில் குப்புறப் படுத்து வாசிப்பாள், பக்கமெல்லாம் பிசுபிசுக்கும். நான் தூக்கி எறிந்த ஒரு துப்பறியும் கதையை அவள் ஒரே மூச்சில் முடித்தாள். "எங்க பெரியம்மா நல்லா இல்ல?" என்று கேட்டாள். சொல்லப் பதில் இல்லை. அந்தப் புத்தகமும் பட்டியலில் சேர்ந்தது.

ஒன்றை மட்டும் தேட வேண்டாம்: நீதி. "இக்கதையால் நாம் அறிவது யாதெனில்" என்று கடைசியில் வந்தால் அந்தப் பக்கத்தை நான் வாசிப்பதே இல்லை, பிள்ளைகளும் வாசிப்பதில்லை. எங்களில் பலர் புத்தகத்தைத் தெரிவுசெய்வது, அது எந்தக் கெட்ட பழக்கத்துக்கு மருந்து என்று பார்த்துத்தான். பொய் சொல்கிறவனுக்குப் பொய் சொல்லாதே புத்தகம். அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும், புத்தகம் கையில் வந்த உடனேயே விளங்கிவிட்டது என்று.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு

ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நாலு பேர் இருக்கிறார்கள். தரம் 7இல் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள். இவர்களுக்குச் சின்னப் புத்தகம் கொடுத்தால் மற்றவர்கள் முன்னால் வெட்கம், பெரிய புத்தகம் கொடுத்தால் பக்கத்தைப் புரட்டி வாசிப்பதுபோல் நடிப்பு. எனக்குச் சரிவந்த வழி ஒன்று இருக்கிறது. இருபத்துநாலு பக்கம், பெரிய எழுத்து, படம் உள்ள புத்தகத்தைக் கொடுத்து, "இத உன்ட தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டு. அவள் எந்த இடத்தில சிரிக்கிறாள் எண்டு பார்த்து வந்து சொல்லு. சின்னப் புள்ளைகளுக்குச் சரிவருமா எண்டு எனக்குத் தெரியணும்" என்பேன். இப்போது அந்தப் புத்தகம் அவனுக்கானதல்ல, அவன் எனக்கு உதவி செய்கிறான். தங்கச்சிக்கு முன்னால் தடக்கக் கூடாதே என்று மூன்று முறை தனியாக வாசித்துப் பார்க்கிறான். தங்கச்சி இல்லாதவனுக்கு அயல்வீட்டுப் பிள்ளை. இப்படிக் கொடுக்க ஐந்தாறு மெல்லிய புத்தகத்தையும் லீவிலேயே வாசித்து வைக்க வேண்டும், அவை பன்னிரண்டுக்குள் கணக்கில்லை.

நடுத்தர வாசகர்களுக்கு ஐந்து விரல் கணக்கு சொல்லிக் கொடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தை வாசி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு. ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்குக் கடினம், வேறொன்று எடு.

லீவு முடிந்து

முதல் நாளே பன்னிரண்டையும் மேசையில் பரப்பிவிட வேண்டாம். அந்த ஆசை வரும், அடக்குங்கள். ஒரு நூலகப் பாடவேளை கொஞ்ச நேரந்தான். அதில் இரண்டு புத்தகம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் போதும். மீதி நேரம் அவர்கள் வாசிக்கட்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு எங்கள் ஊரிலேயே குரு இருந்தார். மாஸ்டர் சிவலிங்கம் கதை சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும், சிங்கம் வந்தால் அவரே சிங்கம், கிழவி வந்தால் அவரே கிழவி. நான் தரம் 4 படிக்கும்போது பாயில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த உடம்பும் குரலும் இல்லை. ஆனால் அவரிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: கதையைப் பற்றிப் பேசாமல் கதைக்குள் இறங்குவது. "இது மிகச் சிறந்த நூல், விருது பெற்றது" என்று தொடங்கினால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். "இரவு பன்னிரண்டு மணி. இவன் மட்டும் முழிச்சிருக்கான். அடுக்களைக்குள்ள யாரோ பானையைத் திறக்கிறாங்க" என்று தொடங்கி, தாளில் குறித்த "மறந்த பக்கம்" வரைக்கும் சொல்லிக்கொண்டு போய், அங்கே புத்தகத்தை மூட வேண்டும். "மறுகா என்ன ரீச்சர்?" என்று கேட்பார்கள். சொல்லக் கூடாது. இதில் நான் இரண்டு தடவை இரக்கப்பட்டு முடிவைச் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு புத்தகத்தையும் யாரும் தொடவில்லை.

முகம் எழுதி வைத்த பிள்ளைக்கு வகுப்பு முன்னால் கொடுக்க மாட்டேன். போகிற வழியில், பஸ் நிற்கிற இடத்தில், "ஆகஸ்டில இத வாசிக்கக்குள்ள உன்ட ஞாபகம் வந்த" என்று கையில் கொடுப்பேன். ஏன் ஞாபகம் வந்தது என்று விளக்க வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கவே பாதிப் புத்தகத்தை வாசித்துவிடுவார்கள்.

சுருக்கம் கேட்பதில்லை. திருப்பித் தரும்போது ஒரே கேள்வி: "எந்தப் பக்கத்தில நிண்டனீ?" சில பேர் பக்க எண்ணைச் சொல்வார்கள், சில பேர் சம்பவத்தைச் சொல்வார்கள், பொய் சொல்கிறவர்கள் "எல்லாப் பக்கமும் நல்லம் ரீச்சர்" என்பார்கள். அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது போட்டி, பேச்சு, பதாகை எல்லாம் வரும். அதுவும் நடக்கட்டும். ஆனால் அந்த மாதத்துக்கென்று நல்ல புத்தகங்களைப் பூட்டி வைக்க வேண்டாம்.

இரவல் கொடுக்கிற விதி மூன்றே மூன்றுதான் என்னிடம். ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் அவர்களே எழுத வேண்டும். புத்தகம் பொலித்தீன் உறைக்குள் போக வேண்டும், நவம்பர் டிசம்பர் மழையில் புத்தகப்பைக்குள் குளமே நிற்கும். தண்டம் கிடையாது. நனைந்து வந்தால் வெயிலில் விரிக்காதீர்கள், தாள் முறுகிவிடும். பக்கங்களுக்கிடையில் பத்திரிகைத்தாள் வைத்து, மேலே ஒரு பலகையும் கல்லும் வைத்து, நிழலில் காற்றுப்பட விட்டால் மூன்று நாளில் ஓரளவுக்கு வரும். தொலைந்தால் தொலைந்ததுதான். போன வருடம் இரண்டு தொலைந்தன. ஒன்றை மாடு தின்றுவிட்டதாகச் சொன்னான், பதினாலில் எந்த மாடு என்று பெயரும் சொன்னதால் நம்பிவிட்டேன்.

பன்னிரண்டில் மூன்றை ஒருவரும் எடுக்கவில்லை. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறுமியும் அவள் தாத்தாவும் ஒரு கிணற்றைத் தோண்டுகிற கதை. இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், நடித்தும் பார்த்தேன். தாளை எடுத்துப் பார்த்தால் "மறந்த பக்கம்" 58 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. முகம் என்ற இடத்தில் யாருடைய பெயரும் இல்லை. இந்த முறை ஆறாம் தரத்துக்கு வந்த ஒருத்தியின் அப்பா கிணறு வெட்டுகிறவராம். கொப்பியில் அவளுடைய பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.